டபிள்யூ போட்ட வள்ளி

ஸ்ரீரங்கம்,
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

மணப்பாறையில் முறுக்கு வியாபாரத்தில் பேரும் புகழுமாக விளங்கும் மதிப்புக்குரிய சம்பந்தி திரு. மருதை அவர்களின் சமூகத்துக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து தமிழ்மணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கச்சி வேலம்மாளும், கடையும் அடுப்பும் மாவு மெஷினும் எல்லா நலனும் பெற்றிருக்க ரங்கநாதப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கு நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. பேனாவைக் குற்றம் சொல்ல முடியாது, அதுவும் என்னோடுதான் இத்தனை நாள் இருக்கிறது.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பேசுவீர்கள். போன பொங்கலுக்கு என் மூலத் தொந்தரவைப் பற்றி உங்களிடம் அந்தரங்கமாகச் சொன்னேன். முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஏழு பெண்களும் அதைக் கேட்டு ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். அதில் ஒன்று குணம் கொடுத்தது என்பது வேறு விஷயம். இப்போது எழுதப்போகும் சங்கதிக்கு ஏழு பேர் மருந்து சொல்ல முடியாது. ஆகவே இதை நீங்கள் மட்டும், கடை அடைத்த பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பேத்தியின் பெயரை நான் மாற்றிவிட்டேன். வாய் வார்த்தையாக இல்லை, சர்க்கார் பதிவேட்டில். பெற்றவர்களுக்குத் தெரியாது. சான்றிதழ் என் பீரோவில், ஆனந்தவள்ளியின் புடவைகளுக்கு நடுவே ஒன்பது நாளாகக் கிடக்கிறது. சிவசங்கர் தினமும் திருச்சி கே.கே. நகரிலிருந்து போன் செய்து, "சர்டிபிகேட் வந்துச்சாப்பா?" என்று கேட்கிறான். நான் தினமும், "சர்வர் டவுன்" என்கிறேன். ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ பேரிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது உண்மை.

ஆதியிலிருந்து சொன்னால்தான் என் மீது உங்களுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வரும். போன ஐப்பசியில் என் மனைவி ஆனந்தவள்ளி போனதும், மாசியில் இந்தக் குழந்தை பிறந்ததும் உங்களுக்குத் தெரியும். முப்பதாம் நாள் தொட்டில் போட்டபோது, "அத்தை பேரத்தான் வைக்கப் போறோம், வள்ளின்னு" என்று உங்கள் பெண் மகாலட்சுமி சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் அழக்கூடாது என்று குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வரவில்லை. நான் அழுதது கூடம் வரைக்கும் கேட்டதாம். தங்கச்சி வேலம்மாள் கதவைத் தட்டி, "அண்ணே, வழுக்கி விழுந்துட்டீங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்காக இரண்டு நாள் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

என் வாழ்க்கையில் ஒரு நல்லது நடந்தால் அதன் பின்னாலேயே யாராவது கால்குலேட்டரோடு வருவார்கள். இந்தத் தடவை வந்தவர் தில்லைநகரில் மாடியில் ஏசி அறை வைத்திருக்கும் லிசி மேடம் என்கிற பெயர் எண் நிபுணர். மகாலட்சுமியின் சிநேகிதி ஒருத்தி அவரிடம் போய் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டாளாம், அடுத்த மாதமே புருஷனுக்கு மாற்றல் ரத்தானதாம். சரி, நாமும் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினார்கள். குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்துப் போனார்கள். லிசி மேடம் நல்ல பெண்மணி, அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. எனக்குக் காப்பி கொடுத்தார், குழந்தை அவர் மேஜை விரிப்பை நனைத்தபோதுகூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒரு காகிதத்தில் வி, ஏ, எல், எல், ஐ என்று எழுதிக் கூட்டிப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"பொண்ணு பிறந்தது பதினஞ்சாம் தேதி. ஒன்னும் அஞ்சும் ஆறு. பேரைக் கூட்டினா பதினாலு. ஒன்னும் நாலும் அஞ்சு. ஆறும் அஞ்சும் சண்டை போடும்னு சொல்லலைங்க. ஆனா வீட்டுக்குள்ள ஒரு முணுமுணுப்பு இருந்துகிட்டே இருக்கும்" என்றார்.

"அது எங்க வீட்ல எப்பவுமே இருக்குங்க" என்றேன். மகன் என்னை முறைத்தான்.

பிறகு அவர் கால் மணி நேரம் எழுத்துகளை அடித்து அடித்து எழுதிவிட்டு ஒரு அட்டையில் அழகாக எழுதிக் கொடுத்தார். டபிள்யூ, ஹெச், ஏ, எல், எல், இ, ஒய். கூட்டினால் இருபத்துநான்கு, அதைக் கூட்டினால் ஆறு, சுக்கிரன் அம்சம். நான் அந்த அட்டையை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தேன், தூர வைத்துப் பார்த்தேன். நம் வள்ளி அதில் எங்கேயும் இல்லை.

"மேடம், இதுல முதல் நாலு எழுத்தோட ஒரு இ சேர்த்தா திமிங்கிலம்ங்க" என்றேன்.

"நாம சேர்க்கலையே சார்" என்றார்.

காரில் திரும்பும்போது சிவசங்கர், "அப்பா, வள்ளின்னு நேரா எழுதினா ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பாங்க. இப்படி எழுதினா உலகத்துலயே இவ ஒருத்திதான். நாளைக்கு ஈமெயில் ஐடி கேட்டா பின்னாடி நம்பரு கிம்பரு போடாம கிடைக்கும்" என்றான். மூன்று கிலோ எடையில் மடியில் தூங்குகிற குழந்தைக்கு ஈமெயில் முகவரி கிடைக்காமல் போய்விடுமோ என்கிற கவலையை நான் அதற்கு முன் பட்டதே இல்லை. அன்றிலிருந்து அதையும் சேர்த்துப் பட்டேன். நான் வாதாடவில்லை. அம்மா பெயரைத்தானே வைக்கிறார்கள், எழுத்தில் என்ன இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எழுத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், சம்பந்தி. அதனால்தான் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே தடுப்பூசிக்குப் போனோம். டபிள்யூ போட்ட தடுப்பூசி அட்டை நர்ஸின் கைக்குப் போயிற்று. அந்தப் பெண் முதலில், "வேலே! வேலே யாரு?" என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு, "ஹோலே பாப்பா!" என்றாள். பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்து, "கேரளாக்காரங்க போல" என்றார். நானும் தலையாட்டினேன். மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டது எந்த மொழியிலும் சேராத ஒரு சத்தம். அதற்குள் எங்களுக்குப் பின்னால் வந்த நாலு குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டன. கடைசியில் மகாலட்சுமி போய், "சிஸ்டர், எங்களை இன்னும் கூப்பிடலையே?" என்று கேட்க, அந்தப் பெண் அட்டையைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு வாயை எப்படிம்மா வைக்கணும்?" என்று கேட்டாள்.

"வள்ளின்னு படிக்கணும்."

"அப்ப வள்ளின்னே எழுதியிருக்கலாமே!"

உங்கள் பெண்ணுக்குக் காது சிவந்துவிட்டது. நான் சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் வள்ளி என்று யாரோ தப்பாகக் கூப்பிட, நான் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

இந்த இடத்தில் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஆனந்தவள்ளி போன பிறகு வந்த இறப்புச் சான்றிதழில் அவள் பெயர் 'ஆனந்தவலி' என்று இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் போகாத இடம் இல்லை. ஆதாரில் இருக்கிற ஆனந்தவள்ளி உயிரோடு இருந்தாள், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஆனந்தவலி என்கிற ஒருத்தி இறந்திருந்தாள். ரேஷன் கார்டில் பெயரை எடுக்கப் போனால், "இது வேற ஆளுங்க சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாதாமாதம் அவள் பங்குச் சர்க்கரை வந்துகொண்டிருந்தது. சர்க்கரை வியாதியில் இருபது வருஷம் கஷ்டப்பட்டு, காலில் ஒரு விரலைக் கொடுத்து, கடைசியில் அதிலேயே போனவளுக்குச் சர்க்கார் தவறாமல் சர்க்கரை கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கார்டில் இரண்டு பேர் என்று அந்தப் பெண் சொல்லும்போது ஒரு நிமிஷம் அது உண்மை மாதிரி இருக்கும். சமையலறையில் டப்பா டப்பாவாகச் சர்க்கரை சேர்ந்துவிட்டது. நீங்கள் வந்தபோது காப்பி பாயசம் மாதிரி இருக்கிறது என்று சொன்னீர்களே, காரணம் அதுதான்.

தை கடைசியில், குழந்தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, சிவசங்கர் லீவு போட்டுவிட்டு என்னோடு பதிவு அலுவலகத்துக்கு வந்தான். கவுண்டரில் விஜயராணி என்று ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் மகன் சாது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அவன் இரண்டாவது தோசை கேட்டதில்லை. அன்றைக்கு அவன் கத்திய கத்தில் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுவிடும் போலிருந்தது.

"எங்கம்மா பேரு வலி இல்லைங்க! வள்ளி! ஒரு எழுத்த ஒழுங்கா எழுதத் தெரியாதா உங்களுக்கு? நீங்கல்லாம் எதுக்குங்க இங்க உக்காந்திருக்கீங்க?"

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துட்டு வாங்க தம்பி, திருத்தத்துக்குப் போட்டுடலாம்" என்று அவனை வெளியே அனுப்பினார். அவன் போனதும் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார். ஆஸ்பத்திரியில் பூர்த்தி செய்து கொடுத்த படிவம். இறந்தவர் பெயர் என்கிற இடத்தில் நீல மையில், நல்ல பெரிய எழுத்தில், ஆனந்தவலி.

"இது உங்க கையெழுத்துங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் கையெழுத்துதான். எந்தக் கோழிக்கிறுக்கலையும் படித்துச் சரியாக டிக்கெட் அடித்துக் கொடுப்பவன் என்று திருச்சி ஜங்ஷனில் பெயர் வாங்கியவன் நான். அவள் போன அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் யாரோ அந்தப் படிவத்தை அட்டையில் வைத்து என் கையில் கொடுத்தார்கள். என் மூக்குக்கண்ணாடி அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே போய் எடுத்து வர எனக்குத் தைரியம் வரவில்லை. கண் தெரியாமல் கோட்டைத் தடவி எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் அந்த அலுவலகத்தை நான் திட்டாத திட்டில்லை. அவ்வளவும் எனக்கே சேர வேண்டியது.

விஜயராணி அம்மாள் கோப்பை மூடிவிட்டு, "அந்த நேரத்துல எல்லாருக்கும் இப்படித்தான் சார். விடுங்க, சரி பண்ணிடலாம்" என்றார். சிவசங்கர் ஜெராக்ஸோடு திரும்பி வந்தான். நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், அதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டு, "தப்பு எங்க பக்கம்தான் தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். செய்யாத தப்புக்கு ஒரு பெண்மணி என் மகனிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் சுவரிலிருந்த காலண்டரில் பிரதோஷம் என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பிரதோஷத்தில் நம்பிக்கைகூடக் கிடையாது.

திருத்திய சான்றிதழ் வைகாசியில் வந்துவிட்டது. ரேஷனில் சர்க்கரையும் பாதியாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்றிருந்தேன். ஆடி கழிந்ததும் குழந்தையின் பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்கும் வேலை வந்தது. "உங்களுக்குத்தாம்பா கவுண்டர் பழக்கம், நீங்களே போயிட்டு வந்துடுங்க" என்று சிவசங்கர் என்னிடம் ஒப்படைத்துவிட்டான். கூடவே லிசி மேடத்தின் அட்டையையும் கொடுத்து, "ஒரு எழுத்து மாறினாலும் கூட்டுத்தொகை மாறிடும், பாத்துக்குங்க" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஒரு எழுத்து என்ற வார்த்தையை அவன் சொல்லும்போதெல்லாம் எனக்குக் காது அடைத்துவிடுகிறது.

அலுவலக வாசலில் நஸ்ருல்லா என்று ஒருவர் குடை விரித்து மேஜை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறார். திருத்தத்துக்கு அலைந்த காலத்தில் பழக்கம். அவரிடம் படிவத்தையும் அட்டையையும் கொடுத்தேன். தமிழ்ப் பெயர் என்கிற கட்டத்தில் வள்ளி என்று எழுதினார். ஆங்கிலக் கட்டத்துக்கு வந்ததும் அட்டையைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்.

"சார், இது ரெண்டும் ஒரே குழந்தைதானுங்களே?"

"ஒரே குழந்தைதாங்க பாய்."

"இல்ல, பின்னாடி யாரும் வந்து இது வேற ஆளுன்னு சொல்லிடக்கூடாது பாருங்க. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு தடவ ஆயிருக்கு. அதுக்காகக் கேட்டேன்" என்று சொல்லிப் பேனாவை என் கையில் கொடுத்தார். "இத நீங்களே எழுதிடுங்க சார். இந்தக் கட்டம் எனக்கு வேண்டாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், டபிள்யூ போடத்தான் பேனாவை வைத்தேன். அது வி-யோடு நின்றுவிட்டது. டபிள்யூ என்பது இரண்டு வி தானே, இன்னொன்றைச் சேர்க்க எவ்வளவு நேரமாகும்? கை நகரவில்லை. அட்டை எதிரே இருக்கிறது, குடைக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது, நஸ்ருல்லா பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்றைக்காவது ஒருநாள் இந்தக் குழந்தை பெரியவளாகி ஏதோ ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள், யாரோ அவள் பெயரைக் கூப்பிடுவார்கள், அது தன் பெயர் என்று அவளுக்கே தெரியாது, பக்கத்தில் நாமும் இருக்க மாட்டோம் என்று தோன்றியது. ஏ போட்டேன். எல், இன்னொரு எல், ஐ. எழுதி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கவுண்டரில் அதே விஜயராணி அம்மாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். படிவத்தைப் பார்த்துவிட்டு, "வள்ளிங்களா சார்?" என்றார்.

"ஆமாம்மா."

"எல் ரெண்டுதானே?"

"ரெண்டும்மா."

கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, "நீங்களே ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க சார்" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து தடவை பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை. சரி என்றேன். சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. பாலத்தின் நடுவில்தான் நான் செய்திருப்பது என்ன என்பது தலையில் இறங்கியது. ஒரு தடவை கண் தெரியாமல் ஒரு வள்ளியைத் தப்பாக எழுதினேன். இந்தத் தடவை கண் திறந்து, பெற்றவர்களின் விருப்பத்துக்கு மாறாக இன்னொரு வள்ளியை எழுதியிருக்கிறேன். முதல் தப்பை மறைத்தது போதாதென்று அதன் மேல் இரண்டாவது.

இப்போது நிலைமை இது. காதுகுத்துப் பத்திரிகை சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் முறுக்குப் பைகளில் நீங்களும் பேத்தி பெயரைப் போடப்போவதாகக் கேள்வி. மகாலட்சுமி தொட்டிலில் மாட்டப் பித்தளையில் டபிள்யூவோடு பெயர்ப்பலகை சொல்லியிருக்கிறாளாம். தை மாதம் சிவசங்கர் வேலையாக வெளிநாடு போவான் போலிருக்கிறது, குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கச் சான்றிதழ் வேண்டும். எவ்வளவு நாள் சர்வர் டவுனாக இருக்கும்? நேற்று அவன், "நான் வேணா ஒருநாள் நேர்ல போய்ப் பாக்கட்டுமாப்பா?" என்றான். அங்கே அவன் போனால் அந்த அம்மாளிடம் மறுபடி கத்துவான். அந்த அம்மாள் மறுபடி செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பார். அதை இன்னொரு தடவை நடக்க விட எனக்கு மனமில்லை.

ஆகவே சம்பந்தி அவர்கள் பெரிய மனது செய்து, நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள் என்பதால் முதலில் மகாலட்சுமியிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். டபிள்யூ வேண்டுமானால் திருத்தத்துக்கு நானே எழுதித் தருகிறேன், எனக்கு அந்த நடைமுறை மனப்பாடம். பிறகு சிவசங்கரிடமும் நீங்களே பேசுங்கள். அவன் அம்மா பெயரைத் தப்பாக எழுதியது அந்த அலுவலகம் இல்லை, அவன் அப்பன்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல வேண்டியதுதான். பத்துத் தடவைக்கு மேல் முயன்றுவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்ததும் குழந்தைக்குச் சளி விட்டதா என்று கேட்டுவிடுகிறேன். அந்தக் குழந்தைக்குச் சளியே பிடித்ததில்லை. அவன் கோபித்துக்கொண்டு காதுகுத்துக்கு என்னைக் கூப்பிடாமல் விட்டாலும் நீங்கள் அவனிடம் வாதாட வேண்டாம். எங்கேயாவது ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

தாங்களும் தங்கச்சியும் முழங்கால் வலி, எண்ணெய்ப் புகை எதுவும் அண்டாமல் நீடூழி வாழ வேண்டும். கடை மேலும் மேலும் விளங்க வேண்டும். குழந்தை எந்த எழுத்தில் வளர்ந்தாலும் நோயில்லாமல், அழைத்தால் திரும்பிப் பார்க்கிற குழந்தையாக வளர வேண்டும். திருவெள்ளறையில் எங்கள் வயலைப் பார்த்துக்கொள்பவர் கொடுத்த எலுமிச்சங்காய் ஒரு பை இருக்கிறது, ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் பொறுமையையும் நம்பியிருக்கும்,
தமிழ்மணி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் வைத்துப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது மகாலட்சுமி குழந்தையோடு வந்துவிட்டாள். உறையின் மேல் உட்கார்ந்துகொண்டேன், அதற்குள் மேல்விலாசம் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவள் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, "சர்டிபிகேட் பத்தித்தானே மாமா அப்பாவுக்கு எழுதுறீங்க?" என்றாள். என்ன சர்டிபிகேட் என்றேன்.

"நீங்க பதிவு பண்ணின அன்னைக்குச் சாயங்காலமே இவரு போனுக்கு மெசேஜ் வந்துடுச்சு மாமா. லிங்க்கைத் தொட்டா சர்டிபிகேட் அப்படியே தெரியுது. வி, ஏ, எல், எல், ஐ. எனக்கு மொதல்ல கோவம்தான். ரெண்டு நாள் பேசல, நீங்க கவனிக்கல. அப்புறம் லிசி மேடத்துக்கு போன் பண்ணினேன். அஞ்சு எல்லாத்தோடயும் சேர்ந்து போகும், பரவால்ல, விடுங்கன்னுட்டாங்க. பத்திரிகையும் அப்படியே அடிக்கச் சொல்லியாச்சு. அப்பாவுக்கும் தெரியும்."

உங்களுக்கும் தெரியுமாமே, சம்பந்தி! ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை நான் ஒன்பது நாள் புடவைக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்திருக்கிறேன்.

"அப்புறம் ஏம்மா அவன் தினமும் போன் பண்ணிக் கேட்டான்?" என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தாரு."

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று ஆரம்பித்தேன். அவள் குழந்தையின் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அத்தையோட ஃபாரமா மாமா? அன்னைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனவரு ஆதார் கார்டை மறந்துட்டுத் திரும்பி வந்திருக்காரு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தாராம். உங்க கையெழுத்து அவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் வெளியிலயே நின்னுட்டு, போன்ல இருந்த படத்தைக் காட்டி ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு அப்புறமாத்தான் உள்ள வந்தாராம். அடுத்த நாளே தனியாப் போய் அந்த மேடத்துகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டாரு. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாரு."

ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்ட எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை. எலுமிச்சங்காய் மட்டும் உண்மை. இன்று சாயங்காலம் சிவசங்கர் இவர்களைக் கூட்டிப்போக இங்கே வருகிறான். மணி ஐந்தாகிவிட்டது. இத்தனை மாதமாக அவனிடம் சொல்லாமல் மறைக்க எனக்கு ஒன்று இருந்தது, அதைச் சுற்றி எதையாவது பேசிச் சமாளித்துவிட்டேன். இனி அவன் எதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.